நாலு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேர ஓய்வு: கடை ஊழியர்கள் இடைவேளையைக் கேட்டு வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, செல்போன் கடை என்று எந்தக் கடையில் வேலை பார்த்தாலும் சரி, ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் உங்களை வேலை வாங்க வேண்டுமானால் அதற்குள் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். முதலாளி மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 9. நாடு சுதந்திரம் அடைந்த வருடத்திலிருந்து இருக்கிற சட்டம்.

ஆனால் தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ, மதுரை விளக்குத்தூண் பக்கமோ, கோவை ஒப்பணக்காரத் தெருவிலோ ஒரு பெரிய கடைக்குள் போய் அங்கே சேலை எடுத்துப் போடும் பெண்ணிடம் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி என்றுதான் பதில் வரும். அந்த இருபது நிமிடத்திலும் சாப்பாட்டுக்கூடம் மொட்டை மாடியில், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஐந்து மாடி ஏறி, கை கழுவ வரிசையில் நின்று, டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே பாதி நேரம் போயிருக்கும், பிறகு கழிவறைக்குப் போவதா சோற்றை முடிப்பதா என்று யோசிக்க வேண்டியதுதான். இப்படி வருடக்கணக்கில் ஓடுகிறவர்களில் பலருக்கு ஒரு மணி நேரம் என்ற விஷயமே தெரியாது, யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்: யாருக்குப் பொருந்தும், எப்படிக் கணக்குப் போடுவது, எப்படிக் கேட்பது, கேட்டால் பிரச்சினை வந்தால் என்ன செய்வது.

முதலில், இந்தச் சட்டம் உங்களுக்குத்தானா?

கடையில் வேலை பார்ப்பவர் என்றால் பிரிவு 9. கடையாக இல்லாத தனியார் அலுவலகம், கால் சென்டர் மாதிரியான வணிக நிறுவனம் என்றால் பிரிவு 14. இரண்டிலும் இடைவேளை விதி ஒன்றேதான்: நாலு மணி நேரம், ஒரு மணி நேரம். மத்திய, மாநில அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இதில் வராது. ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் எடுக்கிற வேலையில் இருப்பவர்கள் வர மாட்டார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் வர மாட்டார்கள். இந்தக் கடைசி விலக்கில் மட்டும் கவனமாக இருங்கள். சில கடைகளில் விற்பனையாளரையே அடையாள அட்டையில் 'ஃப்ளோர் மேனேஜர்', 'இன்சார்ஜ்' என்று போட்டுவிட்டு, நீ மேனேஜ்மென்ட், உனக்கு நேரம் காலம் கிடையாது என்பார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, நீங்கள் உண்மையில் செய்கிற வேலைதான் முக்கியம். ஆளை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ விடுப்பு கொடுக்கவோ அதிகாரம் இல்லாமல், நாள் முழுக்க கவுன்ட்டரில் நின்று துணி மடிக்கிறவர் நிர்வாகி என்று சொன்னால் அது எடுபடாது.

ஓட்டல் ஊழியர்களுக்கு 1958-இல் வந்த தனிச் சட்டம் ஒன்று உண்டு, உணவு நிறுவனங்களுக்கானது. அதை நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டும், இங்கே சொல்கிற எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 55 வேறு அளவு வைத்திருந்தது: ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி. 2025 நவம்பர் 21 அன்று, பல பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கி மத்திய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததும் அந்தப் பழைய சட்டம் புதிய தொகுப்புக்குள் போய்விட்டது, இடைவேளை எவ்வளவு என்பதை அரசு அறிவிக்கை மூலம் சொல்வது என்று ஆகிவிட்டது. இதில் ஒரு பழைய சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா என்று பெரிய சண்டை நடந்ததே, அதில் எல்லோரும் 12 மணி நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அந்தத் திருத்தம் அரசுக்குக் கொடுக்க இருந்த விலக்கு அதிகாரத்தில் இந்த இடைவேளைப் பிரிவு 55-உம் சேர்ந்தே இருந்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்ததால் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வேலை நேரம் நீளும் என்றால் கூடவே இடைவேளைக்கும் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைகள் சட்டம் மாநிலச் சட்டம். அந்தத் தொகுப்புகள் வந்ததால் அது போய்விடவில்லை. யாராவது "அதெல்லாம் பழைய சட்டம், இப்போ மாத்திட்டாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் நாளைக் கணக்குப் போடுங்கள்

ஒரு மணி நேர இடைவேளை என்பதைத் தனியாக வைத்துப் பார்த்தால் அதன் பலம் தெரியாது. கூடவே இருக்கிற மற்ற எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டப்படி ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், அதாவது மணிக்கு 60 ரூபாய் விழுகிறது என்றால் ஓவர்டைம் மணிக்கு 120. வேலையும் இடைவேளையும் சேர்ந்து, அதாவது காலையில் கடைக்குள் நுழைந்ததிலிருந்து இரவு வெளியே வருவது வரை, பொதுவாக 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

இப்போது காலை 9.30-க்கு வந்து இரவு 9.30-க்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 மணி நேரம். சாப்பாட்டுக்கு 25 நிமிடம், மாலை டீக்கு 10 நிமிடம். ஆக 35 நிமிடம் போக 11 மணி 25 நிமிடம் வேலை. சட்டத்தின் உச்சவரம்பே 10 மணி நேரம். அப்படியென்றால் ஒரு மணி நேர இடைவேளை கொடுத்தால்கூட அந்தக் கடை தப்பு செய்கிறது, ஏனென்றால் அப்போதும் 11 மணி நேரம் வருகிறது. 12 மணி நேரம் உங்களைக் கடைக்குள் வைத்திருக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அதிலும் தினமும் 10 மணி நேரம் வாங்க முடியாது, ஆறு நாளைக்கு 60 ஆகிவிடும், வார வரம்பு 54-தான். சராசரியாக நாளைக்கு 9 மணி நேரம் வேலை என்றால் 12 மணி நேரத்தில் மூன்று மணி நேரம் உங்களுடையது.

பெரிய கடைகளில் இன்னொரு எண் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசாணை இருக்கிறது, 2019-இல் முதலில் வந்தது, 2022-இல் மறுபடி போட்டார்கள். அந்த ஆணையில் ஓவர்டைம் சேர்த்து நாளைக்கு பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி என்று கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆணையில்தான் ஓய்வறை, கழிவறை, பொருட்களை வைக்க லாக்கர் எல்லாம் ஊழியர்களுக்குத் தர வேண்டும் என்றும், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். "எங்களுக்கு ஜி.ஓ. இருக்கு" என்று நிர்வாகம் சொன்னால், சரி, அந்த ஜி.ஓ.வில் இருக்கிற லாக்கரும் ஓய்வறையும் எங்கே என்று கேட்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 12 மணி நேர நாளில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஓய்வு வந்தாக வேண்டும்.

உங்கள் கடை நேரத்தை வைத்து இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தால் பேச்சு அரை மணி சேர்த்துக் கொடுங்கள் என்ற கெஞ்சலாக இருக்காது. பிடித்துவைத்திருக்கும் நேரத்தையும் அதற்கான ஓவர்டைம் காசையும் கேட்கிற பேச்சாக மாறிவிடும், அது முதலாளிக்கும் புரியும்.

எது இடைவேளை, எது இல்லை

ஆள் இல்லாத மதிய நேரத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் சாய்ந்து நிற்பது இடைவேளை இல்லை. கஸ்டமர் வந்தால் எழுந்து ஓட வேண்டும் என்ற நிலையில் ஸ்டாக் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இடைவேளை இல்லை. சாப்பிடும்போது மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பாதியில் கை கழுவிவிட்டுப் போனீர்கள் என்றால் அந்த நேரம் வேலை நேரம்தான், அதைக் கழித்துக்கொள்ள விடாதீர்கள். உங்களை யாரும் கூப்பிட முடியாத, நீங்கள் விரும்பினால் கடையை விட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரக்கூடிய நேரம்தான் ஓய்வு.

கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற இன்னொன்று, டீக்கு 10, சாப்பாட்டுக்கு 25, சாயந்திரம் 10, கழிவறைக்குப் போன நேரம் 15 என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே என்பது. செல்லாது. நாலு மணி நேரம் தாண்டுவதற்குள் குறைந்தது ஒரு மணி நேர இடைவேளை என்பதுதான் விதி. 9.30-க்கு வேலை தொடங்கினால் 1.30-க்குள் நீங்கள் ஓய்வுக்குப் போயிருக்க வேண்டும். கூட்டமாக இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் போய்ச் சாப்பிடு என்பது தீபாவளி நேரமாக இருந்தாலும் ஆடித் தள்ளுபடியாக இருந்தாலும் மீறல்தான். பண்டிகைக்காக அரசு விலக்கு கொடுத்திருக்கிறது என்றால் அதற்கு எழுத்தில் ஆணை இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கழிவறைக்குப் போவதை இடைவேளையில் சேர்த்துக் கணக்குப் பண்ணி, நேரம் குறித்து, அபராதம் போடுகிற கடைகளில் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். காலையிலிருந்து அரை பாட்டில் தண்ணீர் குடித்து ராத்திரி வரை நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து, அதற்கு மருந்து வாங்க எடுக்கிற விடுப்புக்கும் சம்பளம் பிடிக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் எடுக்க வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு, தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. அதையும் கேட்டு வாங்குங்கள்.

உட்காரும் உரிமை

இது இடைவேளையிலிருந்து வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இடைவேளை என்பது வேலையை விட்டு விலகுகிற நேரம். உட்காருவது என்பது வேலை நேரத்துக்குள்ளேயே, கஸ்டமர் இல்லாதபோது காலுக்குக் கிடைக்கிற ஓய்வு. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் இதே கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: எல்லாக் கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும்.

இது தானாக வந்த சட்டம் இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கடைப் பெண்களுக்குக் கழிவறை கேட்டுப் போராடினார், பிறகு உட்காருவதற்காக. உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், கண்காணிப்புக் கேமராவில் பார்த்துத் திட்டுவார்கள் என்ற நிலைமை அங்கேயும் இருந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அடுத்த மாநிலம் நாம்தான். கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு புடைத்துப்போன எத்தனையோ பெண்களின் வலி இதற்குப் பின்னால் இருக்கிறது, அதனால் இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், செக்ஷனுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிடுவார்கள், அதன்மேல் துணிக் கட்டு அடுக்கியிருக்கும். அப்படியென்றால் உடனே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதி தெரிகிற மாதிரி. செக்ஷனில் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள் செல்போன் அனுமதி இல்லையென்றால் அன்று இரவே எழுதி வைத்தால் போதும்.

குழந்தை பெற்று மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்களுக்கு இதற்கெல்லாம் மேல் இன்னொரு உரிமை உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை. 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளுக்குப் பொருந்தும். வேலைக்குத் திரும்புகிற அன்றே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் குழந்தை வளர்ந்துவிடும்.

எப்படிக் கேட்பது

நேரே போய் மேனேஜரிடம் சட்டம் பேசாதீர்கள். முதல் வேலை, ஒரு குட்டி நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் நாலு விஷயம் எழுதினால் போதும்: எத்தனை மணிக்கு வந்தேன், சாப்பாட்டுக்கு எப்போது போய் எப்போது திரும்பினேன், டீக்கு எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன். பாதியில் கூப்பிட்டிருந்தால் யார் கூப்பிட்டார்கள் என்பதையும். ஒரு மாதம் எழுதினால் போதும். எழுத நேரமில்லை என்றால் உங்கள் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், நேரம் தானாகப் பதிவாகிவிடும். கடையில் கைரேகை வைத்து உள்ளே போகிறீர்கள் என்றால் அந்தப் பதிவு நிர்வாகத்திடம் இருக்கும், உங்கள் நோட்டு அதோடு ஒத்துப்போனால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

கடையில் வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை ஆகியவற்றைக் காட்டும் அறிவிப்பு ஒன்று இருக்க வேண்டும், பதிவேடும் இருக்க வேண்டும். அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பல கடைகளில் அதில் இடைவேளை ஒரு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும், ஏனென்றால் ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது, கடை தானே எழுதி வைத்திருப்பதை நடைமுறைப்படுத்தச் சொன்னால் போதும்.

இரண்டாவது, தனியாகக் கேட்காதீர்கள். ஒருவர் கேட்டால் அவர் திமிர் பிடித்தவர் ஆகிவிடுவார், ஒரு செக்ஷனே கேட்டால் அது கோரிக்கை. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் பயப்படுவார்கள், ஏனென்றால் வேலை போனால் அன்றைக்கே தங்க இடமும் போய்விடும், ஊர் தூத்துக்குடியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும். அவர்களை முன்னால் நிறுத்தாதீர்கள். உள்ளூரிலிருந்து வருகிறவர்கள், சர்வீஸ் அதிகம் உள்ளவர்கள் முதலில் பேசட்டும்.

மூன்றாவது, நேர அட்டவணையை நீங்களே போட்டுக் கொண்டுபோங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போனால் கடை என்ன ஆவது என்பதுதான் சூப்பர்வைசர் முதலில் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஒரு செக்ஷனில் ஆறு பேர் என்றால் மூன்று பேர் 12.30 முதல் 1.30 வரை, மற்ற மூன்று பேர் 1.30 முதல் 2.30 வரை. காலை 9.30-க்கு வேலை தொடங்கியிருந்தால் இரண்டாவது பேட்ச் சரியாக நாலு மணி நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது, விதியும் மீறவில்லை, கவுன்ட்டரும் காலியாகவில்லை. மூன்று பேட்ச் தேவைப்படுகிற சின்ன செக்ஷன் என்றால் கடைசி பேட்ச்சைக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்லலாம். பெரும்பாலான கடைகளில் மதியம் 12-லிருந்து 3 வரை கூட்டம் குறைவுதான், இது சூப்பர்வைசருக்கும் தெரியும். பல சமயம் அவரும் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார், அவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். அவரை எதிரியாக்காமல் பேசுங்கள்.

வாயால் கேட்டு இரண்டு மூன்று வாரம் பார்த்தும் எதுவும் நடக்கவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இரண்டாம் மாடிப் பிரிவில் பணிபுரியும் ஊழியர்களாகிய நாங்கள் காலை 9.30 மணி முதல் இரவு 9.30 மணி வரை வேலை செய்கிறோம். மதிய உணவுக்கு 25 நிமிடமும் மாலையில் 10 நிமிடமும் மட்டுமே இடைவேளை கிடைக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 9-இன்படி நான்கு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேர ஓய்வு இடைவேளை வழங்கவும், பிரிவு 22-அ-வின்படி இருக்கை வசதி செய்து தரவும் கேட்டுக்கொள்கிறோம். வியாபாரம் பாதிக்காதவாறு இரண்டு பிரிவாகச் செல்வதற்கான நேர அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளோம்."

கீழே தேதி, கையெழுத்துகள். கையெழுத்தை வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் போட்டது என்று தெரியாது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள், அந்த அட்டை பிறகு மிகவும் உதவும்.

தொழிலாளர் துறைக்குப் போவது

கடிதம் கொடுத்தும் மாறவில்லை, அல்லது கடிதம் கொடுக்கிற அளவுக்குக்கூடக் கடையில் சூழ்நிலை இல்லை என்றால் தொழிலாளர் துறைதான் வழி. உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும், கடைகளுக்குள் நுழைந்து பதிவேடுகளைப் பார்க்கிற அதிகாரம் உள்ள ஆய்வாளர்கள் அங்கேதான் இருப்பார்கள். துறையின் தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். புகாரில் உணர்ச்சிகரமாக எதுவும் எழுத வேண்டாம். கடையின் பெயர், முகவரி, எத்தனை மாடி, ஏறக்குறைய எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வேலை நேரம், உண்மையில் கிடைக்கிற இடைவேளை, இருக்கை இருக்கிறதா, எந்த நேரத்தில் வந்து பார்த்தால் உண்மை தெரியும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஆய்வாளர் காலை பதினோரு மணிக்கு வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மதியம் இரண்டரைக்கு வந்தால்தான் யார் சாப்பிடவில்லை என்று தெரியும்.

பெயரை ரகசியமாக வைக்கும்படி புகாரிலேயே எழுதுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. புகார் தந்தது யார் என்பதையோ, புகாரின் பேரில்தான் சோதனைக்கு வந்தேன் என்பதையோ ஆய்வாளர் முதலாளியிடம் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படியும் பயமாக இருந்தால் வேறு யாராவது மூலம் கொடுங்கள். சிஐடியு, ஏஐடியுசி, தொ.மு.ச. போன்ற சங்கங்களின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் போய்ப் பேசினால் அவர்கள் தங்கள் பெயரில் மனு கொடுப்பார்கள்.

1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் சொல்லலாம், திங்கள்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ஆய்வு எப்போது நடந்தது, ஆய்வறிக்கையின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், கிடப்பில் கிடக்கிற கோப்பு இந்த மனு போன பிறகுதான் நகரத் தொடங்கும்.

வேலையை விட்டு நிறுத்தினால்?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. சட்டம் இங்கே ஒரு பிடி கொடுக்கிறது. ஒரு கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டீர்கள் என்றால், நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் உங்களை நிறுத்த முடியாது, இது பிரிவு 41. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னால் விசாரணை நடத்தி அதை நிரூபிக்க வேண்டும். இடைவேளை கேட்டது ஒழுங்கீனம் ஆகாது. ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் புதிதாகச் சேர்ந்தவர்களை மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

நிறுத்திவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிட வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டுவிட்டு, முதலாளி மறுபடி கூப்பிடுவார் என்று ஊரில் போய் உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே நாளை எண்ணத் தொடங்கிவிடுங்கள். வேலையில் இருந்ததற்கான ஆதாரம் வேண்டும்: அடையாள அட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை. அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

வாயால் "நாளைலருந்து வராதே" என்றார்கள் என்றால் மறுநாளும் வழக்கமான நேரத்துக்குக் கடை வாசலுக்குப் போங்கள், உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே தேதி, நேரம் போட்டு, வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். இல்லையென்றால் தானாக வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். கணக்கு முடிக்கிறோம் என்று கூப்பிட்டு வெள்ளைத் தாளிலோ, "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று ஏற்கெனவே அச்சடித்த தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பாக்கிச் சம்பளத்தை நிறுத்தி வைத்து மிரட்டினாலும் சரி, அதைத் துறை மூலமாகவே வாங்க முடியும். மேல்முறையீட்டு மனுவில், இடைவேளை கேட்டுக் கொடுத்த கடிதத்தின் நகலையும், பதிவுத் தபால் ரசீதையும், அந்தக் குட்டி நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் கொடுத்த தேதியும் வேலையை விட்டு நிறுத்திய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எதற்காக நிறுத்தினார்கள் என்று அதிகாரிக்கு நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது.